மேலக்கா தரையில் இருந்த பத்து மாதம்

மேலக்காவை எடை போட்டது ஒரு திங்கட்கிழமை காலை, நாற்பது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க. ஆணியும் கட்டுக்கம்பியும் நிறுக்கிற ஸ்டோர் ரூம் தராசைக் கட்டடத்துக்கு முன்னால் இழுத்துப் போட்டு, ஆட்களை வரிசையாக அதன் மேல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார் சேஃப்டி மேடம். புதிதாக வந்திருந்த பாதுகாப்பு பெல்ட்டுகளில் ஒரு துணிச்சீட்டு தைத்திருந்தது. அதிகபட்சம் நூறு கிலோ. உயரத்தில் வேலை பார்க்கிற யாராக இருந்தாலும் அந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது புது உத்தரவு. கம்பி கட்டுகிறவர்களும் பலகை அடிக்கிறவர்களும் அறுபது, எழுபது என்று ஏறி இறங்கினார்கள். மேலக்கா ஏறினாள். தராசு கொஞ்சம் யோசித்துவிட்டு நூற்றுப் பதினெட்டு புள்ளி நான்கு என்று சிவப்பு எழுத்தில் காட்டியது.

"தராசு பாவம்பா" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

சிரித்த வாய்களுக்கு மேலேதான் பதினோரு வருஷமாக அவள் டன் டன்னாக இரும்பைக் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தாள். ஒருவன் தலையிலும் ஒரு துரும்பு விழுந்ததில்லை. டவர் கிரேன் ஆபரேட்டர். ஐம்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணி பிடித்து ஏறினால் மாலையில்தான் இறங்குவாள். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் மேலேதான். கீழே இருப்பவர்களுக்கு அவள் ரேடியோவில் வருகிற ஒரு குரல், நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்க்கிற ஒரு புள்ளி. அதனால் மேலக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

"அக்கா, நீங்க ஏறக்கூடாது" என்றார் சேஃப்டி மேடம்.

"இன்னைக்கா?"

"நூறுக்குள்ள வர்ற வரைக்கும்."

"பதினோரு வருஷமா ஏறிட்டிருக்கேன் மேடம்."

"பதினோரு வருஷமா நீங்க விழல. அதனால பெல்ட்டுக்கு வேலை வரல. விழுந்தா இது உங்களைத் தாங்காது. எனக்கு வேற வழியில்லக்கா."

அந்தப் பெண் சொன்னது நியாயம். நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அது லேசில் ஆறாது. மேலக்காவுக்கு மூக்குக்கு மேல் வந்தது. மேனேஜர் வந்து ஆறு மாதம் தவணை சொன்னார். அதுவரைக்கும் கேபினில் வேறொரு ஆள் உட்காருவான். ஆறு மாதத்தில் நூறுக்குள் வந்தால் சீட் அவளுக்கு, இல்லாவிட்டால் அவனுக்கே. அவள் ஸ்டோரில் உட்கார்ந்து சங்கிலியும் கொக்கியும் எடுத்துக் கொடுக்கலாம்.

மறுநாளே அந்த வேறொரு ஆள் வந்துவிட்டான். ஒல்லி. ஏணியில் அணில் மாதிரி ஏறினான். அவன் ஏறுவதை அவள் ஸ்டோர் ஜன்னலில் இருந்து பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கடைசிப் படி வரைக்கும் பார்த்தாள்.

அவளுக்கு அந்தச் சீட் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கும்போது எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள். கீழே எல்லாரும் அவள் உடம்பைப் பார்த்தார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் நகர்ந்து உட்காருகிற விதம், துணிக்கடையில் "உங்க சைஸ் வராதுங்க" என்று அளவெடுக்காமலே சொல்லுகிற பெண், கல்யாண வீட்டில் நாற்காலியைக் காட்டும்போது ஒட்டிக்கொண்டு வரும் ஒரு தயக்கம். ஐம்பது மீட்டர் மேலே இந்த உலகம் எட்டாது. அங்கே அவள் லீவரைக் கால் அங்குலம் அசைத்தால் இரண்டு டன் கால் அங்குலம் அசையும். அந்த இடத்தை யாரோ ஒரு துணிச்சீட்டில் அச்சடித்த எண் பிடுங்கிக்கொண்டதை அவளால் பொறுக்க முடியவில்லை.

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று வெளியே தெரிந்துவிட்டால் போதும், ஊரில் இருப்பவர்கள் எல்லாரும் டாக்டர். வெந்நீர் குடி என்றார் வாட்ச்மேன். வெந்நீர் குடிக்கவே குடிக்காதே என்றார் வாட்ச்மேனின் சம்சாரம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒருத்தர். அவர் சொன்னபோது மணி ஏழு, அவர் வாயில் வடித்த சோறு. மனசை ஊக்கமாக வைத்துக்கொள், அதுதான் முக்கியம் என்று ஒரு பலகைக்காரர் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். ஊக்கமாம். ஊக்கம் என்பது முதல் வாரத்தோடு தீர்ந்துபோகிற சரக்கு. மேலக்காவிடம் இருந்தது வேறு. அதற்கு வீம்பு என்று பெயர். யார் என்ன நல்ல பெயர் வைத்தாலும் நான் வீம்பு என்றுதான் சொல்வேன். அது கெட்டுப்போகாது, வெயிலில் வைத்தாலும் அப்படியே இருக்கும்.

வீட்டுக்கு ஒரு தராசு வாங்கினாள். மறுநாள் காலை, குளிப்பதற்கு முன், மெல்லிய நைட்டியோடு ஏறி நின்றாள். நூற்றுப் பதினைந்து புள்ளி ஆறு. ஒரே நாளில் மூன்று கிலோ குறைந்துவிட்டது! ஷூவையும் வேலைச் சட்டையையும் கழற்றியதில் வந்த குறைவு அது. தெரிந்தும் அவளுக்கு அந்த எண் பிடித்துப்போனது. அதையே கணக்கில் வைத்துக்கொண்டாள். அங்கே பிடித்தது சனி.

அவளுடைய வீட்டுக்காரர் பேக்கரியில் மாஸ்டர். ஆள் குச்சி. தினமும் பத்து பன் தின்றாலும் ஒன்றும் ஒட்டாத உடம்பு. கடவுளுக்கே ஓரவஞ்சனை உண்டு என்பதற்கு அவரைத்தான் சாட்சியாகக் காட்ட வேண்டும். பெண்டாட்டி மேல் உள்ள பிரியத்தை வாயால் சொல்லத் தெரியாது. காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்.

முதல் வாரம் மேலக்கா பட்டினி கிடந்தாள். மூன்றாம் நாள் ஸ்டோரில் கண் இருட்டி, கையில் இருந்த கொக்கி கால் கட்டைவிரலில் விழுந்தது. நல்லவேளை ஷூ காப்பாற்றியது. அதற்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள்: காய் பாதித் தட்டு, சோறு ஒரு கரண்டி, முட்டை, கொஞ்சம் பருப்பு, இனிப்புக்கு முழுசாகக் கதவடைப்பு. மாலையில் வீட்டுக்குப் போகும்போது இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். ஒரு மாதத்தில் நூற்றுப் பத்து புள்ளி ஒன்பது. கிட்டத்தட்ட ஐந்து கிலோ. அவள் மனக்கணக்குப் போட்டாள். மாதம் ஐந்து என்றால் நாலே மாதத்தில் மேலே.

அடுத்த மாதம் அந்தத் தராசு அவளைப் பழிவாங்கியது. நூற்றுப் பத்து புள்ளி எட்டு. நூற்றுப் பதினொன்று புள்ளி இரண்டு. நூற்றுப் பத்து புள்ளி ஏழு. அதே சாப்பாடு, அதே நடை, அதே பசி. நாற்பது நாள் அந்த எண் அவள் காலடியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் காலை அவள் அதை உதைத்தாள். பிறகு குனிந்து நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி ஏறி நின்று பார்த்தாள். நூறு கிராம் கூடியிருந்தது.

வீட்டுக்காரர் அன்று மாலை காகிதப் பையோடு வந்தார். உள்ளே க்ரீம் பன் நான்கு.

"போதும்மா. உடம்பைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துறே? ஸ்டோர்லயும் வேலைதானே. அங்கேயே இருந்துடேன்."

"நான் கீழே இருந்தா உங்களுக்கு நல்லாருக்கா?"

அவர் பையை மேஜையில் வைத்து அதன் மடிப்பை நீவினார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கேக்கறேன்ல, சொல்லுங்க. நல்லாருக்கா?"

"ஆமா, நல்லாருக்கு" என்றார் அவர். "பதினோரு வருஷமா ஒரு நாள் காத்து பலமா அடிச்சா என் கை மாவுல நிக்கமாட்டேங்குது. ஒரு தடவை உப்பைப் போடாமலே முந்நூறு ரொட்டி சுட்டுட்டேன். உனக்குத் தெரியுமா அது? இந்த ரெண்டரை மாசமாத்தான் நிம்மதியா வேலை பாக்குறேன்."

அவளுக்கு அவர் மேல் இரக்கமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. இத்தனை வருஷம் வாயைத் திறக்காத மனுஷன், நாற்பது நாளாக எண் நகராத நேரம் பார்த்துப் பன்னோடு வந்து நிற்கிறாரே.

"உங்க பயத்துக்கு நான் கீழே உக்கார முடியாதுங்க. பயமா இருந்தா சொல்லுங்க, நான் மேல போனதும் போன் பண்றேன், கீழ வந்ததும் போன் பண்றேன். ஆனா பன்னைக் கொண்டுவந்து என்னைக் கட்டிப்போடப் பாக்காதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு பன்களைத் தானே தின்ன ஆரம்பித்தார். மூன்றாவது பன்னில் நிமிர்ந்தார்.

"முதல் மாசம் உனக்குப் போனதுல பாதிக்கு மேல தண்ணிதான், தெரியுமா?"

"என்னது?"

"ரொட்டிக்கு மாவு நானூத்தி அம்பது கிராம் வெட்டி உள்ள வைப்பேன். வெளிய வரும்போது நானூறு. அம்பது கிராம் எங்க போச்சு? மாவா போச்சு? தண்ணி ஆவியாயிடுச்சு. அந்த அம்பது சீக்கிரமாப் போயிடும். அதுக்கு மேல ஒரு கிராம் குறைக்கணும்னா ரொட்டியைக் கருக்கணும். உனக்கு இப்பதான் நிஜமாவே குறைய ஆரம்பிச்சிருக்கு. அது மெதுவாத்தான் போகும்."

ரொட்டியும் மனுஷியும் ஒன்றல்ல, டாக்டர் கேட்டால் சிரிப்பார். ஆனாலும் அந்த இரண்டரை மாதத்தில் அவளுக்கு யாராவது சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான். மறுநாளிலிருந்து அவளுடைய மதியச் சாப்பாட்டை அவரே கட்டினார். கிராம் பிசகாமல் நிறுத்துக் கட்டுகிற கை. காகிதப் பை மட்டும் வரவில்லை. பயம் போகவில்லை என்பதும் அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வேலை இடத்தில் அவளுக்கு ஒரே சேக்காளி கைகாட்டி. கிரேனுக்குக் கீழே நின்று கையால் சைகை கொடுக்கிறவர். பதினோரு வருஷமாக அவர் கை அசைவது ஐம்பது மீட்டர் மேலே அவளுக்குப் பேச்சு. அவள் ஸ்டோருக்கு வந்த பிறகு, முற்றத்தில் எதிர்ப்பட்டால் அவர் ஒரு விரலைக் கீழே காட்டி வட்டமாகச் சுழற்றுவார். மற்ற கையின் உள்ளங்கையை அதன் மேல் அசையாமல் பிடிப்பார். கிரேன்காரர்கள் பாஷையில் அதற்கு அர்த்தம்: இறக்கு, ஆனால் மெதுவாக.

முதல் தடவை அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு கைகளையும் அகல விரித்து வீசிக் காட்டினாள். உடனே எல்லாத்தையும் நிறுத்து என்பதற்கான சைகை அது. வாயை மூடு என்று அவர் புரிந்துகொண்டார். ஆனாலும் மறுநாள் விரல் சுழன்றது. நூற்றுப் பத்தில் நின்ற அந்த நாற்பது நாளும் சுழன்றது.

"என்னய்யா, எண்ணு அசையவே மாட்டேங்குது, நீ பாட்டுக்கு இறக்கு இறக்குன்னு காட்டிட்டிருக்கே?"

"மேலக்கா, பத்து டன் தொட்டியை நீங்க இறக்கும்போது கீழ நிக்கிறவன் எல்லாம் கிரேன் ரிப்பேர்னுதான் நெனப்பான். எனக்கு மட்டும்தான் தெரியும் இறங்குதுன்னு. கையை எடுத்தா நீங்க நிறுத்திருவீங்க. அதான் எடுக்க மாட்டேங்கிறேன்."

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு கட்டடத்தின் படிக்கட்டில் ஏற ஆரம்பித்தாள்.

கிரேனில் ஏறத்தான் தடை. கட்டடத்துக்குள் ஏற எந்த உத்தரவும் குறுக்கே நிற்கவில்லை. அப்போது பன்னிரண்டு தளம் எழும்பியிருந்தது. நான்காவது தளத்தில் மூச்சு முட்டி, சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். பூச்சு வேலைக்காரர்கள் "கீழக்கா வந்திருக்காங்க, வழி விடு" என்றார்கள். அவள் மூச்சு வாங்கி முடித்து எழுந்து, "நான் மேலக்கா. ஞாபகம் வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ஐந்தாவது தளத்துக்கு ஏறினாள். அடுத்த வாரம் ஆறு. இதில் ஒரு வேடிக்கை, அவள் இரண்டு தளம் முன்னேறினால் கட்டடம் ஒரு தளம் வளர்ந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தளம் வார்த்தார்கள். அதற்கு மேல், கிரேனையும் இரண்டு தடவை ஜாக்கி போட்டு உயர்த்திவிட்டார்கள். அவள் கீழே குறைந்துகொண்டிருந்தபோது அவளுடைய சீட் மேலே போய்க்கொண்டிருந்தது. யாரோ வேண்டுமென்றே செய்வதுபோல அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பற்றிக்கொண்டு வந்த நாளில் ஒரு தளம் அதிகம் ஏறினாள்.

தராசில் எண் எப்போது நகர ஆரம்பித்தது என்று அவள் கவனிக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவைதான் ஏறினாள். நூற்று ஒன்பது. மூன்று வாரம் அங்கேயே. நூற்று ஏழு. ஜுரம் வந்து படுத்ததில் நூற்று ஐந்து, எழுந்து சாப்பிட்டதில் நூற்று ஆறு. இப்படியே முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று ஆறு மாதமும் ஓடியது. கடைசி நாள் காலை, குளிப்பதற்கு முன், நைட்டியோடு, தலையில் இருந்த கிளிப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். தொண்ணூற்று ஒன்பது புள்ளி மூன்று.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "வந்துருச்சே" என்றார். முகம் சந்தோஷத்துக்கும் பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி திங்கட்கிழமை. மறுபடி அதே நாற்பது பேர். மேலக்கா தராசுக்கு முன்னால் வந்து ஷூ கட்டை அவிழ்க்கக் குனிந்தாள்.

"ஷூ இருக்கட்டும்க்கா" என்றார் சேஃப்டி மேடம். "பெல்ட்டையும் மாட்டிக்கங்க. ஹெல்மெட், ரேடியோ, பை, எல்லாத்தோடயும் ஏறுங்க. விழும்போது எல்லாம் சேர்ந்துதானே விழும்?"

நூற்று எட்டு புள்ளி நான்கு.

யாரும் சிரிக்கவில்லை. கைகாட்டி தரையைப் பார்த்தார். ஏனென்றால் கிரேன் வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் முதல் நாள் மேலக்கா ரேடியோவில் சொல்லுகிற பாடம் ஒன்று உண்டு: தூக்குகிற பொருள் மட்டும் எடை இல்லை, கொக்கி, சங்கிலி, கட்டுகிற கயிறு எல்லாமே எடைதான், அதைக் கூட்டாமல் சொல்கிறவன் ஆளைக் கொல்வான். பதினோரு வருஷம் அந்தப் பாடத்தைச் சொன்னவள், தன் எடையைச் சொல்லும்போது கொக்கியையும் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள். வேறு எந்தத் தொழில்காரி செய்தாலும் மன்னிக்கலாம். அவளால் தன்னையே மன்னிக்க முடியவில்லை. காது மடல் வரைக்கும் சூடேறியது.

"பையை நான் முதுகுல சுமக்க மாட்டேன். கயிறு கட்டி மேல இழுத்துக்கறேன்" என்றாள்.

சேஃப்டி மேடம் யோசித்தார். "அது சரி. அப்படித்தான் செய்யணும்."

பையைக் கழற்றினாள். நூற்று நான்கு புள்ளி எட்டு.

மேனேஜர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அவள் மேல் உண்மையாகவே மரியாதை உண்டு. "அஞ்சு கிலோகூட இல்ல. பெல்ட் அதுக்கெல்லாம் அறுந்துடாது. நூறுன்னு எழுதிக்கலாம். மேடம், என்ன சொல்றீங்க?"

சேஃப்டி மேடத்தின் முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மேலக்கா பேசினாள்.

"சார், அஞ்சு கிலோதானேன்னு சொல்லி எவனாவது என் கொக்கில எதையாவது மாட்டினா நான் தூக்கியிருக்கேனா?"

"இல்ல, ஆனா இது வேற..."

"வேற இல்ல. எழுத வேணாம்."

"அப்படின்னா தவணை முடிஞ்சு போச்சும்மா. சீட்டை ஒல்லிக்குத்தான் கொடுக்கணும். நான் சொன்ன வார்த்தை அது."

"கொடுங்க. தவணை உங்களுது. உடம்பு என்னுது. நான் நிறுத்தப்போறதில்ல. இனிமே ஒவ்வொரு திங்கக்கிழமையும் இதே தராசுல, பெல்ட்டோட, இத்தனை பேர் முன்னாடியும் ஏறுவேன்."

"எதுக்கும்மா? சீட் இல்லையே?"

"தெரியும் சார்" என்றாள்.

அன்று மாலை அவள் அழுதாள். வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம், யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதாள். பன் கடை, செருப்புக் கடை, மருந்துக் கடை எல்லாவற்றையும் தாண்டி அழுதுகொண்டே நடந்தாள். ஒரு நிறுத்தம்கூட பஸ் ஏறவில்லை. அழுகிறவள் உட்கார்ந்துதான் அழ வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லையே.

அடுத்த திங்கள் நூற்று நான்கு புள்ளி ஐந்து. அதற்கடுத்தது நூற்று நான்கு புள்ளி ஏழு. ஏறும்போது யாரோ "என்னக்கா, கூடிருச்சு?" என்றான். "ஆமா, கூடிருச்சு. அடுத்த வாரம் வந்து பாரு" என்றாள். வந்து பார்த்தார்கள். முதலில் வம்புக்குப் பார்த்தவர்கள், பிறகு பழக்கத்தில் பார்த்தார்கள், பிறகு பார்க்காமல் இருக்க முடியாமல் பார்த்தார்கள். இருநூறு கிராம் குறைந்தால் கம்பிக்காரர்கள் கம்பியில் தட்டினார்கள். முதல் நாள் தராசு பாவம் என்றவன், ஒன்பதாவது திங்கள் அவளுக்கு முன்னால் குனிந்து தராசின் காலடியில் இருந்த கல்லை எடுத்துப் போட்டான். சரிமட்டமாக நிற்கட்டுமாம். அவள் அவனுக்கு நன்றியெல்லாம் சொல்லவில்லை. அவன் சொன்னது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

சீட் இல்லை என்று தெரிந்தும் எப்படி நிறுத்தாமல் இருந்தாள் என்று கேட்கலாம். நிறுத்தலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் தோன்றியது. திங்கட்கிழமை போகவில்லை என்றால் அந்த நாற்பது பேர் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியதும் எழுந்துவிடுவாள். இது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் இருபது தளம் ஏறி இறங்க அது போதும் என்பதை அவள் கால்கள் கண்டுகொண்டன.

ஸ்டோரில் வேலை இல்லாத நேரங்களில் கம்பெனியின் பாதுகாப்புக் கையேட்டைப் படிக்க ஆரம்பித்தாள். தன்னைக் கீழே இறக்கிய புத்தகம் என்னதான் சொல்கிறது என்று பார்ப்போமே என்கிற ஆத்திரம். பெல்ட் பக்கத்தைப் படித்தாள், அது சேஃப்டி மேடம் சொன்னபடியே இருந்தது. விடாமல் மேலே படித்தாள். எண்பத்தோராம் பக்கத்தில் நின்றாள். நாலு தடவை படித்தாள். பக்கத்தின் ஓரத்தை மடக்கி வைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை. கைகாட்டியிடம்கூட.

பதினேழாவது திங்கட்கிழமை, பெல்ட், ஷூ, ஹெல்மெட், ரேடியோவோடு தராசு தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஆறு காட்டியது. ஒரு கணம் யாரும் நம்பவில்லை. பிறகு கம்பிச் சத்தத்தில் காது அடைத்துப்போனது. சேஃப்டி மேடம் தராசை அணைத்து மறுபடி போட்டு, மறுபடி ஏறச் சொன்னார். அதே எண். அட்டையில் "உயரத்தில் ஏறத் தகுதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப சந்தோஷம்மா. ஆனா உனக்கே தெரியும், சீட்ல ஆள் இருக்கான். அவனைத் தூக்க முடியாது."

"அவனை ஏன் சார் தூக்கணும்? நல்லா ஓட்டறான், பாத்துட்டுத்தானே இருக்கேன்." கையேட்டை எடுத்து மடக்கிய பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். "இதை மட்டும் படிங்க."

அவர் படித்தார். கிரேன் கேபினில் ஒரே ஆள் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. அதற்கு மேல் வேலை நடந்தால் மாற்று ஆபரேட்டர் கட்டாயம்.

"பதினோரு வருஷமா நான் ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரம் உக்காந்திருக்கேன். என்னை இறக்கினப்ப யாரும் இந்தப் பக்கத்தைத் திருப்பல. இப்ப அந்தப் பையனையும் அதே மாதிரி உக்கார வச்சிருக்கீங்க. இன்னும் பத்து வருஷத்துல அவனையும் இந்தத் தராசுல ஏத்தி நிறுப்பீங்களா? ரூல்னா எல்லா ரூலும்தான் சார். நூறு கிலோவுக்கு மட்டும் ரூல் இல்ல."

மேனேஜர் சேஃப்டி மேடத்தைப் பார்த்தார். சேஃப்டி மேடம் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, நான்கு மாதமாக யாரும் அவர் முகத்தில் பார்த்திராத ஒரு சிரிப்பைச் சிரித்தார்.

"அக்கா சொல்றது சரி சார். இன்னைக்கு மத்தியானத்துல இருந்தே ஆள் மாறணும். இல்லன்னா நான் கிரேனை நிறுத்த வேண்டியிருக்கும்."

மத்தியானம் மேலக்கா வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். "மேல போறேன்" என்றாள். மறுமுனையில் மாவு பிசைகிற மெஷின் ஓடுகிற சத்தம். "காத்து இல்லையே?" என்று கேட்டார். "இல்ல." "சரி. போயிட்டுப் பண்ணு" என்றார். அவ்வளவுதான். ஆனால் போனை வைக்காமல் இருந்தார். அவள்தான் வைத்தாள்.

ஏணி இப்போது நூறு மீட்டர். பழைய உயரத்தைப்போல இரண்டு மடங்கு. முன்பெல்லாம் ஐம்பது மீட்டருக்கு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். இன்று முப்பதில் ஒரு தடவை நின்றாள், எழுபதில் ஒரு தடவை நின்றாள். நிற்காமல் ஏறினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான், நின்றாள். தொடை எரிந்தது. பெல்ட்டின் கொக்கியை ஒவ்வொரு முறையும் மாற்றி மாட்டினாள். தாங்குகிற பெல்ட் என்று தெரிந்து மாட்டியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கேபினுக்கு வெளியே சின்ன இரும்பு மேடையில் ஒல்லி அவளுக்காக நின்றுகொண்டிருந்தான். முதுகைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான். அவனுக்கும் நாலு மணி நேரத்துக்குப் பிறகு இடுப்பு போய்விடும் என்று யாரிடமும் சொன்னதில்லையாம்.

"வாங்கக்கா. சீட்டை உங்களுக்கு மாத்தி வச்சுடவா? நான் வந்தப்ப நூத்தி இருபதுல இருந்துச்சு."

சீட்டுக்கு அடியில் ஒரு திருகு உண்டு. உட்காருகிறவரின் எடைக்கு ஏற்ப ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் வைத்தது. பத்துப் பத்தாக எண் போட்டிருக்கும். இப்போது அது அறுபதில் இருந்தது.

"தொடாதே. நானே திருப்பிக்கறேன்" என்றாள்.

அவன் இறங்கிப் போனான். அவள் குனிந்து திருகைத் திருப்பினாள். எழுபது. எண்பது. தொண்ணூறு. அங்கே கை நின்றது. தொண்ணூறில் வைத்தால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனசு கேட்டது. போட்டிருக்கிற துணியோடும் ஷூவோடும் அவள் தொண்ணூற்றேழு. இன்னும் ஒரு சொடுக்கு திருப்பி நூறில் வைத்தாள். தொண்ணூறு எங்கே ஓடிப்போகப் போகிறது, அதே திருகில்தான் இருக்கும், அவளும் இங்கேதான் இருக்கப் போகிறாள். சீட்டில் உட்கார்ந்து, ரேடியோவை எடுத்து, முதல் லோடைக் கேட்டாள்.